ரோஜர் வில்லியம்ஸ்

ரோஜர் வில்லியம்ஸ் (சு. 1603–1683) அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸை நிறுவியவர், சமயப் போதகர், மொழி அறிஞர். மனிதரின் மத நம்பிக்கையில் அரசு தலையிடக் கூடாது என்பதை ஓர் ஊரின் ஆட்சிமுறையாகவே நடத்திக் காட்டியவர்.

லண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த வில்லியம்ஸ், 1631இல் மனைவி மேரியுடன் பாஸ்டன் வந்து இறங்கினார். வழிபாட்டுக் குற்றங்களைத் தண்டிக்க நீதிபதிகளுக்கு அதிகாரம் இல்லை என்றார். பூர்வகுடிகளின் நிலத்தை எடுத்து வழங்க இங்கிலாந்து மன்னருக்கும் உரிமை இல்லை என்றார். மாசசூசெட்ஸ் ஆட்சியாளர்கள் இதைப் பொறுக்கவில்லை. 1635 அக்டோபரில் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தனர். தம்மைக் கப்பலேற்ற ஆள் வருவதை அறிந்த அவர், 1636 ஜனவரியில் கடும் பனியில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு அடைக்கலம் தந்தவர்கள் வாம்பனோவாக் பூர்வகுடி மக்கள். அவர்கள் மொழியை அவர் முன்பே பழகியிருந்தார்.

நாரகன்செட் பூர்வகுடித் தலைவர்கள் கனோனிகஸும் மியாண்டோனோமியும் தந்த நிலத்தில் ஊர் எழுந்தது. பணத்தால் வாங்கியிருக்க முடியாத நிலம் அது என்று பிற்காலத்தில் எழுதினார். கடவுளின் கருணையை நினைத்து ஊருக்குப் பிராவிடன்ஸ் என்று பெயரிட்டார். நாரகன்செட் மொழியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1643இல் லண்டனில் அச்சானது.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கொள்கை அவருக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் அவர்களை விரட்டவில்லை. 1672இல், எழுபது வயதை ஒட்டிய நிலையில், தாமே படகு வலித்து நியூபோர்ட் போய் அவர்களோடு வாதிட்டார். அவர் கொள்கையின் உண்மையான உரைகல் இதுதான்.

பூர்வகுடிகளுடன் மூண்ட போரில் 1676இல் பிராவிடன்ஸ் எரிந்தது. அவருடைய வீடும் தப்பவில்லை. அதன்பின், பிடிபட்ட பூர்வகுடிகளை அடிமை வேலைக்கு விற்ற குழுவில் அவரும் இருந்தார். இந்தக் கறையை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது.

உயிரோடு இருந்தபோது வரைந்த உருவப்படம் எதுவும் அவருக்கு இல்லை. இன்று நாம் காணும் சிலைகளின் முகமெல்லாம் சிற்பிகளின் கற்பனையே. மாசசூசெட்ஸ் தன் நாடுகடத்தல் ஆணையை நீக்கியதோ 1936இல்தான்.

1860இல் நினைவுச்சின்னம் எழுப்பும் எண்ணத்தில் அவர் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்பு கிடைக்கவில்லை. சில ஆணிகளும் கறுத்த மண்ணும் இருந்தன. கூடவே ஓர் ஆப்பிள் மரத்தின் வேர். முதுகெலும்பு இருந்திருக்க வேண்டிய போக்கில் இறங்கி, இடுப்பருகே இரண்டாகப் பிரிந்து, பாதம்போல் முனையில் வளைந்திருந்தது அது. அந்த வேரை ரோட் ஐலண்டு வரலாற்றுச் சங்கம் பாதுகாத்து வருகிறது.