அட்டை: ரத்தம் உறிஞ்சியது யார்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். அந்த மாதிரி ஊர்களில் சேற்றில் கால் வைப்பவர்களைப் பயமுறுத்தும் ஒரு ஜீவன் உண்டு. பார்க்கப் புழு மாதிரி இருக்கும், ஆனால் தானாகவே தேடி வந்து கடிக்கும். அதுதான் அட்டை!

குளம், குட்டை, மெதுவாக ஓடும் ஆறு... இவற்றின் சேறுதான் அதன் வீடு. தண்ணீர் லேசாக அசைந்தாலே போதும், மாடோ மனிதனோ இறங்கியாயிற்று என்று நீந்தி வந்துவிடும். மூன்று தாடைகளால் தோலை அறுத்து, தன் எடையைப் போலப் பல மடங்கு ரத்தம் குடிக்கும். அதன்பின் பல மாதங்கள் பட்டினி கிடந்தாலும் சாகாது.

இப்படிப்பட்ட பொல்லாத ஜீவனையும் மனிதன் மருந்தாக்கினான். சுஸ்ருத சம்ஹிதை அட்டைகளை 12 வகையாகப் பிரிக்கிறது. 6 விஷமுள்ளவை, 6 விஷமற்றவை. சித்த மருத்துவத்திலும் அட்டை விடும் சிகிச்சை உண்டு.

ஐரோப்பாவில் இது பெரிய வியாபாரமாகவே ஆனது. நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்த புருசே, பெரும்பாலான நோய்களுக்கு ரத்தம் எடுப்பதே வைத்தியம் என்றார். 1833இல் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது! தேவை ஏறியது, விலை ஏறியது, குளங்கள் காலியாயின. கடைசியில் 1987இல் அந்த ஐரோப்பிய அட்டையை, கட்டுப்பாட்டோடு மட்டுமே விற்கக்கூடிய உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அட்டையின் உண்மையான மதிப்பு பிறகுதான் தெரிந்தது. அதனிடம் ரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று இருப்பதை 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் கண்டுபிடித்தார். அதுதான் ஹிருடின். நூறு வருடம் கழித்து, 1985இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நாய் கடித்துத் துண்டான ஒரு குழந்தையின் காதை டாக்டர்கள் ஒட்டவைத்தார்கள். ரத்தம் தேங்கிக் காது கறுத்துப்போனது. அட்டைகளை விட்டுத்தான் அந்தக் காதைக் காப்பாற்றினார்கள். 2004இல் அமெரிக்க அரசே மருத்துவ அட்டைக்கு அனுமதி கொடுத்தது.

அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது குட்டையைத்தான் நாடும் என்பது பழமொழி. சென்னையின் மேற்குப் புறநகரில் ஏரிக்கரை வரை வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன, சாக்கடையும் கலக்கிறது. மெத்தை நிறைய இருக்கிறது. நாடிப் போகக் குட்டை மிஞ்சுமா?