எண்ணும் எழுத்தும்

எண்ணும் எழுத்தும்: தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் அடிப்படைக் கற்றல் இயக்கம். 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அனைவரும் பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்ற இலக்குடன் தொடங்கப்பட்டது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் விழுந்த கற்றல் இடைவெளியை நிரப்புவதே இதன் உடனடி நோக்கமாக இருந்தது.

முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் இதைத் தொடங்கிவைத்தார். முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்த திட்டம், 2023-24 கல்வியாண்டில் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றும் இதன் பாடங்கள். மாணவரின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பயிற்சிகள் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரே வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும் சரளமாகப் படிக்கும் பிள்ளையும் அவரவர் நிலையிலிருந்து முன்னேற இது வழிசெய்கிறது.

பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவை வகுப்பறைச் செயல்பாடுகளாகின்றன. கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவும், கூச்சமின்றிப் பேசவும் குழந்தை இவற்றால் பழகுகிறது.

ஆசிரியர்களுக்குக் கையேடும் பயிற்சியும், மாணவர்களுக்குப் பயிற்சி நூலும் அரசே வழங்குகிறது.