கோர்வைக்கு உட்கார்ந்த பிள்ளைகள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தைப் பார்க்கத் திருமுக்கூடல் போயிருந்தோம். ஆற்று மணலில் உட்கார்ந்திருக்கும்போது கூட வந்த நண்பன் சொன்னான், "கல்யாணம் சரி, குழந்தை மட்டும் வேணாம்டா". நெசவாளி வீட்டுப் பையன். இப்போது ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இந்தக் காலத்துப் பசங்களின் சுயநலம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கென்னவோ காரணம் அவன் வீட்டுக் குழித்தறியில் இருப்பதாகவே தோன்றுகிறது.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்யும்போதே இரண்டையும் கோர்க்க வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அதற்குப் பெரிய ஆளை வைத்தால் கூலி கட்டாது. அதனால் வீட்டுப் பிள்ளை உட்காரும். இல்லையென்றால், முன்பணம் வாங்கிய வேறு வீட்டுப் பிள்ளை வரும். நாம் வியந்து பார்க்கும் கரைக்குப் பின்னால் அந்தச் சின்னக் கையும் இருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கக் கூடாது என்ற சட்டம் 1933லேயே வந்தது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். ஆனால் சொந்தக் குடும்பத்தாரை வைத்து நடத்தும் பட்டறைக்கு அதில் விலக்கு! கோர்வைப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத்தொழிலின் குழந்தைக் கொத்தடிமைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது.

ஏழைகள் எத்தனை பெறலாம் என்று மற்றவர்கள் கணக்குப் போடுவதும் பழைய கதைதான். கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தைச் சென்னை மாநிலம் 1956இல் தொடங்கியது. 2024இல் முதலமைச்சராக இருந்த ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைச் சுட்டி, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று ஒரு திருமண விழாவில் கேட்டார் (வேடிக்கையாகத்தான்). இரண்டிலும் பிள்ளை ஓர் எண்ணிக்கை. பெரியார் மட்டும் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில், நாட்டின் வறுமைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள். நண்பன் அந்தக் கணக்கையெல்லாம் பார்த்தவனில்லை. அவன் அப்பா எட்டு வயதில் முன்பணத்துக்காக வேறு வீட்டுத் தறியில் உட்கார்ந்தவர். இவன் லீவு நாளெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தவன். "எங்க வீட்ல பிள்ளைன்னா ஒரு கை. இப்போ ஸ்கூல் ஃபீஸ்னு ஒரு கடன். சும்மா பிள்ளையா இருந்து நான் பாத்ததே இல்ல" என்றான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எழுந்துவிட்டோம்.