புழுங்கலா, பச்சரிசியா? நூறாண்டு பழைய ஒரு கேள்வி

போன மாதம் நம் கிளப் ஹவுஸில் நல்ல தூக்கம், அன்றாடச் சாப்பாடு பற்றி ஓர் உரை நடந்தது நினைவிருக்கும். இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடியுங்கள், தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள், படுக்கைக்குப் போனை எடுத்துப் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லி முடித்தார். கேள்வி நேரத்தில் ஓர் அம்மா எழுந்தார். "எங்க வீட்டுல அவருக்கு வெள்ளை வெளேர்னு பச்சரிசிதான் வேணும். நான் புழுங்கல்தான் நல்லதுங்கறேன். யார் சொல்றது சரி டாக்டர்?" எல்லோரும் சிரித்துவிட்டோம். நேரமும் ஆகிவிட்டது. பதில் வராமலேயே கூட்டம் கலைந்தது.

சிரித்துவிட்டோமே தவிர, அது சாதாரணக் கேள்வி அல்ல. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு விடை தெரியாமல் ஆயிரக்கணக்கானோர் செத்திருக்கிறார்கள். விடையைத் தேடியவர்கள் வழியில் கவனித்த ஆட்களில் நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்களும் உண்டு. அந்தக் கதையை இந்த இதழில் சொல்லலாம் என்று தோன்றியது.

அந்த நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவின் சிறைகளிலும், ராணுவ முகாம்களிலும், சுரங்கங்களிலும் இது கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. கிருமிதான் காரணம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். காலராவுக்கும் காசநோய்க்கும் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட காலம் அது. எதற்கெடுத்தாலும் கிருமியைத் தேடுவது இயல்புதானே!

டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவர் அப்படித்தான் கிருமி தேடி வந்தார். சோதனைக்காகக் கோழிகளை வளர்த்தார். 1889இல் அந்தக் கோழிகளுக்குத் திடீரென்று கால் தள்ளாடத் தொடங்கியது. பார்த்தால் பெரிபெரி போலவே இருந்தது. கிருமி அகப்பட்டுவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் சில மாதங்களில் கோழிகள் தாமாகவே தேறிவிட்டன.

விசாரித்தபோது காரணம் சமையலறையில் இருந்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்டவர் ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்தின் அரிசியைக் கண்ட கோழிக்கெல்லாம் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். பிறகு கோழிகளுக்குக் கிடைத்தது தீட்டாத, மலிவான அரிசி. அதைத் தின்றுதான் அவை பிழைத்தன.

இதைக் கேள்விப்பட்ட ஃபோர்டர்மன் என்ற அதிகாரி, ஜாவாவின் 101 சிறைகளில் என்ன அரிசி போடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். தீட்டிய வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளில் ஒருவருக்கு பெரிபெரி. தீட்டாத அரிசி போட்ட இடங்களில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்குத்தான். அப்படியும் பலர் நம்பவில்லை. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றே எய்க்மனும் முதலில் எண்ணினார். அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல் விஷயத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். வெள்ளை அரிசியில் கெட்டது எதுவும் சேரவில்லை, உடம்புக்குத் தேவையான ஏதோ ஒன்று அதிலிருந்து போய்விட்டது என்றார்.

நம் ஆட்கள் வருவது இங்கேதான். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் மாண்டுகொண்டிருந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போன தமிழர்கள் தோட்டங்களில் உழைத்தார்கள். வசதியான வாழ்க்கை ஒன்றுமில்லை. ஆனாலும் அவர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது. அங்கே மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907இல் புத்தகமாகவே எழுதினார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. வித்தியாசம் அவ்வளவுதான். கெட்டுப்போன பச்சரிசியில் நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் காரணம் சொன்னார். காரணம் தவறு, கவனித்தது சரி.

கோலாலம்பூரில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதை நேரடியாகச் சோதித்தார். அங்கிருந்த மனநல விடுதியில் 1905 கடைசியிலிருந்து ஓராண்டு காலம் பாதிப் பேருக்குப் பச்சரிசி, மீதிப் பேருக்குப் புழுங்கல். இடத்தில் ஏதாவது கோளாறோ என்று நடுவில் இரு கூட்டத்தாரின் கட்டடங்களையும் மாற்றிப் பார்த்தார். நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை, பச்சரிசியோடு போனது. பச்சரிசி சாப்பிட்டவர்களில் பலர் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்டவர்களில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. தங்கள் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்கக்கூட முடியாத மனிதர்கள் அவர்கள். இன்று எந்த மருத்துவமனையிலும் இப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது. நமக்குக் கிடைத்திருக்கும் இந்த அறிவுக்கு அவர்கள்தான் விலை கொடுத்தார்கள்.

போய்விட்ட அந்தப் பொருள் என்ன? காஸிமிர் ஃபங்க் 1912இல் இத்தகைய பொருள்களுக்கு 'விட்டமின்' என்ற பெயரை வைத்தார். அரிசித் தவிட்டில் இருந்தது இன்று நாம் பி1 அல்லது தயமின் என்று சொல்லும் சத்து. 1936இல் அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்!

நம் பக்கத்திலும் ஆராய்ச்சி நடந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. சென்னை மாகாணத்திலேயே ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட மக்களிடம் பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது பெரிய தொல்லையாகவில்லை.

புழுங்கலில் அப்படி என்ன நடக்கிறது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்ளே போகிறது. அரிசி மாவு வெந்து இறுகி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். பச்சரிசியில் அந்தச் சத்து மேலோடு நிற்பதால், தவிட்டோடு சேர்ந்து மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது.

இதையெல்லாம் தெரிந்துதான் நம் முன்னோர் நெல்லை அவித்தார்களா என்றால், இல்லை. அவித்த நெல்லின் உமி சுலபமாகக் கழலும். அரிசி நொறுங்காது. பூச்சி அதிகம் அண்டாது. அவர்களுக்கு அதுவே போதுமான காரணம். உயிரைக் காத்தது, அவர்களே அறியாமல் கிடைத்த உபரி.

பழைய காலமே பொற்காலம் என்று சொல்லவும் நான் வரவில்லை. என் பாட்டியிடம் ஒருமுறை கைக்குத்தல் அரிசியின் பெருமையைப் பேசினேன். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டி, "நீ ஒரு மரக்கால் நெல்லு குத்திட்டு வந்து பேசு" என்றார். ஆலை வந்தபோது அவர் உலக்கையை மூலையில் சாத்தியது நிம்மதியோடுதான். ஆலை செய்த தவறு அரிசியை அரைத்ததில் இல்லை. வெளுப்பாக இருப்பதுதான் உயர்வு என்று நம்மை நினைக்கவைத்ததில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் மல்லிகைப்பூ மாதிரி சோறு, வீட்டாருக்கு மட்டும் பழுப்பேறிய புழுங்கல் என்ற வழக்கம் பல வீடுகளில் இருந்ததே.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு என்ன பதில்? இந்த வரலாற்றின்படி பார்த்தால் அவர் பக்கமே கூடுதல் நியாயம். ஆனால் பருப்பும் கீரையும் காயும் தினமும் சேரும் வீட்டில் இன்று பெரிபெரி பயம் தேவையில்லை. அவர் வீட்டுக்காரர் பொங்கலுக்கும் பாயசத்துக்கும் பச்சரிசி கேட்டால் கொடுக்கலாம். எந்த அரிசியானாலும் பத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டாம். கல், தூசி போகும் அளவுக்குக் கழுவினால் போதும். கஞ்சி வடித்தால் அதைக் கொட்டிவிடாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்க்கலாம். தண்ணீரில் கரையும் சத்து அதில்தான் போகிறது. நம் இட்லி அரிசியும் புழுங்கல்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலைப் பலகாரத்தில் அவர் ஏற்கெனவே தோற்றுவிட்டார்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புழுங்கல் என்பதற்காக இரவு பத்து மணிக்கு மூன்று கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் சர்க்கரையும் ஏறும், தூக்கமும் கெடும். அன்று தட்டிலிருந்து ஏதோ ஒன்று குறைந்ததால் மக்கள் செத்தார்கள். இன்று நம் தொல்லை பெரும்பாலும் தட்டில் கூடிப்போனதால் வருவது. அடுத்த முறை கடையில் அரிசி மூட்டையைப் பார்க்கும்போது எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று பார்ப்பதை விட்டு, இதிலிருந்து எதை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஜாவாவின் கோழிகளும் கோலாலம்பூரின் அந்தப் பெயர் தெரியாத மனிதர்களும் நமக்கு விட்டுச் சென்ற கேள்வி அது.