கைவிடப்பட்டவளுக்கு 132 ஆண்டுகள்



தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 7:10-16

கொரிந்து சபையில் எழுந்த ஒரு கேள்வி நம் நாட்டில் சட்டமாகவே ஆனது என்பதை நம்மில் பலர் அறியோம். கணவன் மனைவியரில் ஒருவர் மாத்திரம் விசுவாசியாகி, மற்றவர் அதனிமித்தம் பிரிந்துபோனால், விடப்பட்டவர் அந்தக் கட்டுக்கு அடிமையல்ல என்று பவுல் அப்போஸ்தலர் எழுதினார். 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனை நிறுவியபோது, அதே கேள்வி நம் பகுதிக்கும் வந்தது.

1866-ஆம் ஆண்டின் மதம் மாறியோர் மணமுறிவுச் சட்டம் அதற்கு விடையளித்தது. விசுவாசத்தினிமித்தம் ஆறு மாதம் கைவிடப்பட்டவர் நீதிமன்றத்தை நாட அது இடமளித்தது. நீதிபதி பிரிந்துபோன துணையை அழைத்து, சேர்ந்து வாழ மனமுண்டோ என்று கேட்கவேண்டியிருந்தது. இல்லையென்றால் வழக்கை ஓராண்டு ஒத்திவைத்து, மீண்டும் கேட்கவேண்டியிருந்தது. அதன்பின்பே மணக்கட்டு அவிழ்ந்தது. அந்த ஓராண்டை நான் மதிக்கிறேன்; நம்முடைய சமாதானப் பேச்சுகள் பலவற்றில் அவ்வளவு பொறுமை இல்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த 1869-ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டமோ கிறிஸ்தவக் குடும்பத்தில் கணவனுக்கு ஒரு தராசும் மனைவிக்கு வேறொரு தராசும் வைத்தது. மனைவியின் விபசாரத்தை மாத்திரம் நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை உண்டு. மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ இரண்டாண்டுக் கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்கவேண்டும். மனைவியோடு தவறிழைத்தவனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கவும் அச்சட்டம் இடமளித்தது. மனைவியை உடைமையாக எண்ணிய மனம் அதில் தெரிகிறது. மாவட்ட நீதிபதி அளித்த தீர்ப்பைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உறுதிப்படுத்தவும் வேண்டியிருந்தது.

1990-ஆம் ஆண்டில், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அடுத்தடுத்து அமர்ந்து தையல் வேலை செய்யும் மூன்று பெண்களை எண்ணிப்பாருங்கள். மூவரையும் கணவன்மார் கைவிட்டு இரண்டாண்டு கடந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு காசும் வருவதில்லை. முஸ்லிம் சகோதரிக்கு 1939-ஆம் ஆண்டின் சட்டம் விடுதலை கேட்க வழி திறந்திருந்தது. இந்து சகோதரிக்கு 1976-இல் வந்த திருத்தம் அவ்வழியைத் தந்திருந்தது. நம் சபைச் சகோதரி மாத்திரம், கணவன் வேறொருத்தியோடு வாழ்கிறான் என்பதற்கும் சாட்சி தேடவேண்டும். அது இல்லாவிட்டால் நீதிமன்றப் பிரிவினை கிடைக்கும்; மறுமணத்துக்கு இடமில்லை. அச்சட்டத்துக்கு மூலமாயிருந்த இங்கிலாந்தே 1923-இல் விபசாரக் காரணத்தில் மனைவியையும் கணவனுக்குச் சமமாக்கிவிட்டது.

1995-இல் கேரள உயர்நீதிமன்றம் அந்த ஏற்றத்தாழ்வைச் செல்லாதென்று தீர்த்தது. 2001-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கொடுமையும் இரண்டாண்டுக் கைவிடுதலும் இருவருக்கும் தனித்தனிக் காரணங்களாயின. இருவரும் இசைந்து பிரியவும் வழி பிறந்தது. உயர்நீதிமன்ற உறுதிப்பாடு தேவையற்றுப்போயிற்று.

இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1872-ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி ஓலை வாசித்து, பதிவேட்டில் கையொப்பமிட்டு நடந்த விவாகத்தை, பெரியவர்கள் கூடி முத்திரைத்தாளில் எழுதி வாங்குவதால் முறிக்க முடியாது. சபை மன்றத்தின் தீர்ப்பும் நீதிமன்ற ஆணைக்கு ஈடாகாது என்று 1996-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. அப்படிப்பட்ட தாளை நம்பி மறுமணம் செய்கிறவர், அறியாமலே இருதார மணக் குற்றத்துக்கு ஆளாகிறார். அந்த இரண்டாம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வரும் துன்பத்தை அந்தப் பெரியவர்கள் சுமப்பதில்லை.

2001-இன் திருத்தத்திலும் ஒரு கறை இருந்தது. குணமாகாத கடும் தொழுநோயை அது மணமுறிவுக்குக் காரணமாக எழுதிவைத்தது. டாக்டர் பால் பிராண்ட் வேலூருக்கு வந்தது 1946-இல்; தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் அவர். கரிகிரி மருத்துவமனை 1955 முதல் அந்தப் பணியைச் செய்துவருகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சையோ அந்நோயைக் குணமாக்கிவந்தது. ஆயினும் 2019-இல்தான் அந்த வரி சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.