கொம்பும் தகரச் சீழ்க்கையும்: அவுஸ்திரேலிய நரி வேட்டையில் அழைப்பொலித் தேர்வு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

வேட்டையின் வரலாறு பெரும்பாலும் படைக்கலங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வில், வலை, பொறி, துவக்கு என்பன அருங்காட்சியகங்களில் இடம்பெறும் பொருள்கள். அவற்றுக்கு உருவமும் காலமும் உண்டு. ஆனால், வேடன் தன் வாயால் எழுப்பிய ஒலி அருங்காட்சியகத்திற் சேராது. அதனால் அது வரலாற்றாசிரியரின் கவனத்துக்கும் பெரிதும் எட்டாது போயிற்று. பழக்கிய பெண்மானைக் கட்டிவைத்துக் காட்டுமானை ஈர்க்கும் முறையைச் சங்கச் சான்றோர் அறிந்திருந்தனர். அவ்வாறு வைக்கப்படும் விலங்கு 'பார்வை' எனப்பட்டது. அது கண்ணுக்கு வைத்த பொறி. செவிக்கு வைக்கும் பொறியே ஈண்டு ஆராயப்படும் அழைப்பொலியாகும்.

நரியை அழைப்பதற்கு எந்த ஒலியைத் தேர்வது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குத் தனிமனிதத் திறன் பற்றிய சிறு வினாவாகவே தோன்றும். அத்தேர்வின் எல்லைகளைச் சமூகமே வகுத்துக் கொடுக்கிறது என்பதை அவுஸ்திரேலியாவின் அனுபவத்தைக் கொண்டு நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலங்கையில் நாம் நரியென வழங்கும் விலங்கு வேறோர் இனம். இங்கு பேசப்படுவது ஐரோப்பாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட செந்நரி என்பதை முதலிலேயே தெளிவுபடுத்துதல் தகும்.

1. இறக்குமதியான வேட்டை

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் நிலவுடைமை வர்க்கத்தினர்க்கு நரி வேட்டை வெறும் பொழுதுபோக்கன்று. தம் உடைமையையும் உயர்வையும் ஊரறியக் காட்டும் சடங்குமாகும். குதிரையேறிய கனவான்கள், வேட்டைநாய்க் கூட்டம், செந்நிற மேலங்கி, ஊதுகொம்பு என்பன அச்சடங்கின் உறுப்புகள். முந்திய இரவிலே நரி வளைகளின் வாயை அடைத்து வைப்பதற்கென்று கூலியாள்கள் அமர்த்தப்பட்டனர். நரியைத் துவக்காற் சுட்டுக்கொல்வது வேட்டைக் கழகங்கள் ஓங்கியிருந்த மாவட்டங்களில் இழிசெயலாகக் கருதப்பட்டது. கோழியை இழந்த குடியானவனுக்கு அந்நரி பகை. கனவானுக்கோ அது பேணிக்காக்க வேண்டிய விளையாட்டுப் பொருள்.

குடியேற்றவாதிகள் சென்ற இடமெல்லாம் இச்சடங்கையும் உடன்கொண்டு சென்றனர். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கொணர்ந்து நம் மலைநாட்டில் மரைகளை வேட்டையாடினார். இலங்கையில் நாய்களை மட்டும் கொணர்ந்தால் போதுமானதாயிருந்தது. அவுஸ்திரேலியாவிலோ, துரத்தப்படும் விலங்கையுமே கப்பலேற்ற வேண்டியதாயிற்று.

1859ஆம் ஆண்டு நத்தார் நாளில் மெல்பேணை வந்தடைந்த 24 முயல்கள், விக்ரோறியாவின் பெரும் பண்ணையாளர் தோமஸ் ஒஸ்ரினின் பார்வன் பார்க் பண்ணைக்குச் சென்றன. வேட்டை விளையாட்டுக்கென அவர் வளர்க்கத் தொடங்கிய அம்முயல்கள் சில பதிற்றாண்டுகளுள் கண்டத்தின் தென்பாதி முழுவதும் பரந்தன. செந்நரியும் அதே நோக்குடனேயே கொணரப்பட்டு, 1870களில் மெல்பேணைச் சூழ்ந்த பகுதிகளில் நிலைபெற்றது. முயல் முன்சென்று உணவாயிற்று, நரி பின்தொடர்ந்தது. 1890களில் ஊறுவிலங்கென அதனை ஒழிக்க முற்பட்டபோது காலம் கடந்துவிட்டது. 1910களில் அது மேற்கு அவுஸ்திரேலியாவையும் எட்டிவிட்டது.

இதற்கு முன்னர் அக்கண்டத்தில் அழைப்பொலி இருந்ததில்லையெனக் கருதுதல் தவறாகும். உள்ளீடற்ற குறுங்குழாயைக் கையால் தட்டி, ஈமுப் பறவையின் ஆழ்ந்த குரலையொத்த ஒலியை எழுப்பி, அப்பறவையைத் தம் பக்கம் வரவழைக்கும் கலையைப் பழங்குடி மக்கள் அறிந்திருந்தனர். நிலம் பறிக்கப்பட்டபோது, அந்நிலத்தோடு பிணைந்திருந்த ஒலியறிவும் தன் வாழ்களத்தை இழந்தது. அதேநிலத்தில் வந்தேறிய முயலின் குரலால் வந்தேறிய நரியை அழைக்கும் புதியதோர் ஒலியறிவு பின்னர் தோன்றிற்று.

2. தகரப் பேணியிலிருந்து பிறந்த குரல்

கனவானின் கொம்பு நரியை நோக்கிப் பேசுவதன்று. அது நாய்களுக்கும் உடன்வரும் கனவான்களுக்கும் கட்டளையிடுவது. நரியிடம் நேரே பேசிய கருவி வேறு. உணவுப் பேணியின் தகரத்தில் ஒரு துண்டை வெட்டி, இரண்டாக மடித்து, நடுவே துளையிட்டால் அக்கருவி ஆயிற்று. உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே வைத்துக் காற்றை இழுக்கும்போதோ விடும்போதோ, அகப்பட்ட முயலின் அவலக்குரல் அதிலிருந்து எழும். வட்டத் தகடுகள் இரண்டைப் பொருத்திச் செய்தவையும் வழங்கின. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து டென்ரபீல்ட் நகரின் பெயராலும் இத்தகைய சீழ்க்கை ஒன்று பின்னாளில் அறியப்பட்டது.

இக்கருவிக்கு மூலதனம் வேண்டியதில்லை. குதிரையும் நாய்க்கூட்டமும் வேண்டியதில்லை. எறியப்பட்ட பேணியும், முயல் அலறுவதைக் கேட்டறிந்த செவியுமே போதுமானவை. அக்கேள்வியறிவு யாரிடத்து இருந்தது? முயற்பொறி வைத்துப் பிழைத்தவரிடமும், மந்தை காத்த கூலியாளரிடமும், அவர்தம் பிள்ளைகளிடமும் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது வேலையற்றோர் பலருக்கு முயலிறைச்சி உணவாகவும் முயல்தோல் வருவாயாகவும் அமைந்தது. 'நிலத்தடி ஆட்டிறைச்சி' என்று முயலை அவர்கள் கசப்புக் கலந்த நகையோடு குறிப்பிட்டனர். பொறியில் அகப்பட்ட முயலின் அலறலை நாள்தோறும் கேட்டவரே அதனைப் பிழையறப் போலச் செய்யவும் வல்லவராயினர். உழைப்பின் துன்பச் சூழலே இவ்வறிவின் பள்ளியாயிற்று எனலாம்.

3. தேர்வின் நுட்பம்

இவ்வறிவு எளியோரிடத்துப் பிறந்தமையால் எளிமையானதென்று எண்ணுதற்கில்லை. அழைப்பவன் ஒரே வேளையில் நான்கு வினாக்களுக்கு விடை காணவேண்டியவனாகிறான்.

முதலாவது, அவ்விடத்து நரி எதனை உண்கிறது என்பது. முயலின் அலறல் குறுகியது, கூரியது. குழிமுயலினும் பெரிய வெளிமுயலின் ஓலமோ நீண்டது, கரகரப்பானது, குழந்தையின் அழுகையை நினைவூட்டுவது. எலியின் கீச்சொலி மெல்லியது, தொலைவுக்குச் செல்லாது. ஆயினும் அண்மையில் வந்து தயங்கி நிற்கும் நரியை இன்னும் சில அடிகள் முன்வரச் செய்வதற்கு அதுவே ஏற்றது.

இரண்டாவது, காற்றும் தொலைவும். காற்று வீசும் நாளில் உரத்த ஒலி வேண்டும். அமைதியான விடியலில், நரி அருகிலேயே படுத்திருக்கக்கூடுமாதலின், தாழ்ந்த ஒலியில் தொடங்குவதே முறை. நரி ஒலியை மட்டும் நம்பி வருவதன்று. காற்றின் கீழ்ப்புறமாகச் சுற்றிவந்து மணத்தால் உறுதிசெய்ய முயலும். ஆகவே, எங்கே அமர்வது என்பதும் எதனை ஊதுவது என்பதும் பிரிக்கவியலாத ஒரே தேர்வாகும்.

மூன்றாவது, பருவம். அவுஸ்திரேலியாவில் யூன், யூலை மாதங்களை ஒட்டிய குளிர்காலம் நரியின் புணர்ச்சிப் பருவம். அப்போது இரையின் குரலைக் காட்டிலும் பெண்நரியின் கத்தலே ஆண்நரியை ஈர்க்க வல்லது. கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் தாயை விட்டுப் பிரிந்து அலையும் இளநரிகள் அவலக்குரலுக்கு எளிதில் மயங்கும்.

நான்காவது, நரியின் அனுபவம். ஓரழைப்புக்கு வந்து உயிர்தப்பிய நரி, மறுமுறை அவ்வொலியை ஐயுறும். அதற்கு வேறொரு குரல் தேவை. எப்போது ஊதாதிருப்பது என்பதும் இவ்வறிவின் ஒரு பகுதியாகும்.

பிற்கால அறிவியல் இப்பட்டறிவுக்கு ஓரளவு விளக்கந் தந்துள்ளது. செந்நரியின் கேட்டற்றிறன் ஏறத்தாழ 4 கிலோஹேட்ஸ் அதிர்வெண்ணில் மிகக் கூர்மையாயிருப்பதாக 2015இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அளவுகருவி எதுவுமின்றித் தகரத்தை மடித்தவர்கள், நரியின் செவி எதற்கு இசையும் என்பதைத் தம் தொழிலின் வாயிலாகவே கண்டிருந்தனர்.

4. சந்தை, சன்மானம், இயந்திரம்

1970களின் பிற்பகுதியில் நீண்ட மயிருடைய தோலாடைகள் மேலைநாடுகளில் நாகரிகமாயின. நரித்தோலின் விலை உயர்ந்தது. அவுஸ்திரேலியக் கிராமத்தவன் ஊதிய சீழ்க்கை இப்போது தொலைநாட்டு ஆடைச் சந்தையோடு பிணைக்கப்பட்டது. நல்ல தோல் குளிர்காலத்திலேயே கிடைக்குமாதலின், அழைப்பின் பருவத்தைச் சந்தையே வகுக்கலாயிற்று. 1980களின் பிற்பகுதியில் விலை சரிந்தபோது, அச்சந்தையை நம்பியிருந்தவர்களின் வருவாயும் சரிந்தது.

அரசின் சன்மானமும் இவ்வாறே தேர்வைத் திரித்தது. கொல்லப்பட்ட ஒவ்வொரு நரிக்கும் பணமென்றால், எளிதில் வருவதை அழைப்பதே இலாபம். எளிதில் வருவது அனுபவமற்ற இளநரி. அவற்றுட் பல எப்படியும் அவ்வாண்டைத் தாண்டாதவை. ஒலியை ஐயுறக் கற்ற முதிய நரியோ இனப்பெருக்கத்தைத் தொடர்ந்து நடத்தும். எனவே, குவிந்த வால்களின் எண்ணிக்கை நரிக்குலத்தின் வீழ்ச்சியைக் காட்டும் அளவுகோலாகாது. விக்ரோறிய அரசு 2002-2003இல் நடத்திய சன்மானத் திட்டத்தைப் பின்னர் மதிப்பிட்டவர்கள், மாநிலப் பரப்பில் 4 சதவீதத்துக்கும் குறைந்த பகுதியிலேயே நரித்தொகை குறைந்திருக்கக்கூடுமென முடிவுசெய்தனர். ஆயினும், 2011இல் நரியொன்றுக்குப் பத்து டொலர் வீதம் சன்மானம் மீண்டும் வழங்கப்படலாயிற்று. நரியின் பல்லுக்கு இரையாகும் சிறு பைம்மா விலங்குகளின் அழிவை இத்தகைய கணக்கு வழக்குகள் தடுத்து நிறுத்தவில்லை.

மூன்றாவது மாற்றம் இயந்திரம் கொணர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1950களில் பேர்ணம் சகோதரர்கள் அழைப்புக் கருவிகளை வணிகப் பொருளாக்கிப் பெயர்பெற்றனர். வாயால் ஊதும் கருவிகளைத் தொடர்ந்து இசைத்தட்டும், ஒலிநாடாவும், இலத்திரனியல் அழைப்பானும் வந்தன. இன்று பொத்தானை அழுத்தினால் முயலும் எலியும் பெண்நரியும் வரிசையாகக் குரலெழுப்பும். தேர்வு பெருகியதுபோலத் தோன்றுகிறது. உண்மையில், குரலை உருவாக்கும் ஆற்றல் வேட்டைக்காரனிடமிருந்து பெயர்ந்து, அதனைப் பதிந்து விற்பவனிடம் சென்றுவிட்டது. முன்னர் செவியாற் கற்றதை இன்று விலைகொடுத்துப் பெறவேண்டியுள்ளது. கைத்தொழில் பலவற்றுக்கும் நேர்ந்த கதி இது.

5. முடிவுரை

இவ்வரலாற்றை உழைப்பாளரின் திறனைப் போற்றும் வெறும் புகழுரையாகக் கொள்ளுதலும் பொருந்தாது. அவலக்குரல் என்பது வஞ்சகம். குட்டிகளுக்கு இரைதேடும் வசந்த காலத்துத் தாய்நரியை அவ்வொலியால் அழைத்துக் கொல்பவன், வளையிற் காத்திருக்கும் குட்டிகளையும் பட்டினியாற் கொல்கிறான். மறுபுறத்தில், நரியை அழையாது விட்டால் ஆட்டுக்குட்டிகளும் அரிய பைம்மா விலங்குகளும் மடிகின்றன. இந்த இக்கட்டு நரியின் இயல்பாற் பிறந்ததன்று. சீழ்க்கை ஊதிய கூலியாளன் உண்டாக்கியதுமன்று. தம் விளையாட்டுக்காக ஒரு கண்டத்தின் உயிரினச் சமநிலையைக் குலைத்த பண்ணையாளர் சிலரின் செயலால் நேர்ந்தது. விளையாட்டு அவர்களுடையதாக, அதன் விளைவைச் சுமக்கும் வேலை பிறர்மேல் வீழ்ந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக்கொண்டு நரியைத் துரத்தும் வேட்டையை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. கொம்பின் வரலாறு நூல்களிலும் ஓவியங்களிலும் விரிவாகப் பதிவாகியுள்ளது. மடித்த தகரத்துண்டின் வரலாறோ அதனை ஊதியவர்களின் நினைவில் மட்டுமே தங்கி, அவர்களோடு மறைந்து வருகிறது. எழுதப்பட்டதே வரலாறு என்னும் கொள்கை, எழுதும் வசதி பெற்றோரின் வரலாற்றையே வரலாறாக்கிவிடும். நம் நாட்டிலும் வன்னிக் காடுகளிலும் கடலோரங்களிலும் விலங்கின் அடிச்சுவட்டையும் பறவையின் குரலையும் நீரோட்டத்தின் போக்கையும் வாசித்தறிந்த உழைப்பாளர் உளர். அவர்களது அறிவைக் கேட்டுப் பதிவுசெய்தல் நம் பல்கலைக்கழக ஆய்வாளர்க்குரிய கடமைகளுள் ஒன்றாகும்.