நிலவாகை

நிலவாகை ஆவாரையின் நெருங்கிய உறவான, இடுப்பளவு வளரும் மஞ்சள் பூச் செடி. நிலாவிரை என்றும் பெயர் உண்டு. வியாபாரிகளுக்கும் பயிரிடுவோருக்கும் இது சென்னா. தாயகம் அரேபியாவும் அதை அடுத்த ஆப்பிரிக்க வறண்ட நிலங்களும். ஆனால் உலக மருந்து நூல்களில் இதன் ஒரு வகை 'டின்னவேலி சென்னா', அதாவது திருநெல்வேலி சென்னா என்றே பதிவாகியிருக்கிறது.

பேதி மருந்தாக இதைப் பரப்பியவர்கள் அரபு மருத்துவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அவர்கள் இதைக் கையாண்டார்கள். பிறகு சூடான் பக்கத்துக் காடுகளில் பறித்த இலை அலெக்சாந்திரியா துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அந்த மூட்டைகளில் ஆர்கெல் என்ற வேறொரு செடியின் இலை கலந்திருப்பது வாடிக்கை. அரேபியாவின் இலை பம்பாய்க்கும் வந்து இறங்கியது. அதுவும் குச்சியும் தூசியுமாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் இதை வயலில் பயிராக்கினார். காட்டில் பொறுக்கியதற்கும் பாத்தியில் வளர்த்துக் கையால் பறித்ததற்கும் உள்ள வித்தியாசம் லண்டன் சந்தையில் உடனே தெரிந்தது. அகலமான, பழுதில்லாத, கலப்பில்லாத இலை. பெயர் நிலைத்ததற்கு மண்ணின் மகிமையைவிட இந்தச் சுத்தமே காரணம் என்று சொல்லலாம். அலெக்சாந்திரிய வகையும் திருநெல்வேலி வகையும் வெவ்வேறு இனங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. இன்று தாவரவியலாளர் பலர் இரண்டையும் ஒரே இனத்தில் சேர்க்கின்றனர்.

சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணம் மலச்சிக்கலுக்கு வழங்கும் மருந்து. இலையிலும் காயிலும் உள்ள செனோசைடுகளே வேலை செய்கின்றன. இவை சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை எட்டுகின்றன. அங்குள்ள பாக்டீரியா உடைத்த பிறகுதான் குடல் அசைவைத் தூண்டி, நீரைத் தங்கவைக்கின்றன. பலன் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் படுக்கப் போகும்போது கொடுப்பது அதனால்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. 'மூலிகைதானே' என்று மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து: வயிற்றுப்பிடிப்போடு உடலின் பொட்டாசியமும் குறையும். குடலடைப்பு உள்ளவர்களுக்கு அறவே கூடாது.

தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பது வழக்கம். ஹெக்டேருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ விதை போதும். மழை குறைந்தாலும் தாங்கும். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஆடுமாடு அவ்வளவாக வாய் வைக்காது என்பது வேலியில்லாப் புஞ்சைக்காரருக்குப் பெரிய வசதி. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் இதற்கெனத் தனி ரகமும் உருவாக்கப்பட்டது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும்கூட இன்று சாகுபடி நடக்கிறது.

விதைத்து இரண்டு மாதம் போல ஆனதும் முதல் பறிப்பு. பிறகு மாதத்துக்கு ஒரு முறை. பூ வந்தால் இலை குறையும் என்பதால் முதல் பூங்கொத்துகளைக் கிள்ளி எறிவார்கள். பறித்த இலையை நிழலில் பரப்பிக் கிளறிக் காயவைக்க வேண்டும். பச்சை மாறாத இலைக்குத்தான் விலை. பழுப்பேறினால் மதிப்பு சரியும். காய்ந்த இலையை அழுத்திப் பொதிகளாகக் கட்டிக் கப்பலேற்றுவார்கள். அந்த அழுத்தத்தில் இலைமேல் விழும் குறுக்குக் கோடுகளைக் கொண்டே திருநெல்வேலி இலையை அலெக்சாந்திரிய இலையிலிருந்து பிரித்தறிய மருந்தியல் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.